செப்புக் குழாய் இணைப்புக்கு எந்தப் பற்றாசு? ஒரு விவாத இழை

பிப்ரவரி 4 – ஒரு வாசகரின் கேள்வி

"வீட்டைச் சூடேற்றும் வெந்நீர்ச் சுற்றுக்கும் குடிநீருக்கும் 15 மி.மீ., 22 மி.மீ. செப்புக் குழாய்கள் போடப் போகிறேன். கையில் பழைய 50/50 வெள்ளீய–காரீயச் சுருள் ஒன்று இருக்கிறது. புதிதாக வாங்குவதென்றால் 97/3 வெள்ளீயம்–செம்பு என்கிறார்கள், 95/5 வெள்ளீயம்–ஆன்டிமனி என்கிறார்கள், வெள்ளி கலந்தது என்கிறார்கள். எல்லாவற்றிலும் வலிமையானது வெள்ளிதானே? எல்லா இணைப்புகளையும் வெள்ளிக் கம்பியால் பிரேஸிங் செய்துவிட்டால் எந்தச் சிக்கலும் வராது என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்."

பிப்ரவரி 4, இரவு

மறுப்பு இருக்கிறது. இந்த இழையில் டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ் என்று கொள்க.

குழாயின் இடுக்கில் உருக்கிச் சேர்க்கும் உலோகம் 450 டிகிரிக்குக் கீழே உருகினால் அது சாதாரணப் பற்றவைப்பு, அந்த உலோகமே பற்றாசு. அதற்கு மேலே உருகினால் பிரேஸிங். செம்பு 1085 டிகிரியில்தான் உருகும் என்பதால் இரண்டு முறையிலும் குழாய் உருகுவதில்லை. ஆனால் பிரேஸிங்கிற்குத் தேவையான 650 முதல் 800 டிகிரி வெப்பம், இழுத்துக் கடினமாக்கப்பட்ட குழாயின் கடினத்தை முழுவதுமாகப் போக்கிவிடுகிறது. சிவக்கச் சூடாக்கிய துண்டு ஒன்றை ஆறிய பிறகு கையால் வளைத்துப் பாருங்கள். சற்று முன் முழங்காலில் வைத்து அழுத்தியும் வளையாத குழாய், சொன்ன பக்கமெல்லாம் வளையும். அதாவது இணைப்பை வலுவாக்குவதற்காக அதன் இரு பக்கத்துக் குழாயையும் வலுவிழக்கச் செய்திருக்கிறோம். பிரேஸிங் செய்த குழாய்த் தொடரின் தாங்கழுத்தத்தைக் கணக்கிடும்போது பதமிளகிய குழாய்க்குரிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதனால்தான்.

குடிநீருக்கு இன்னொரு காரணமும் உண்டு. எரிவாயு, குடிநீர்த் துறைகளுக்கான ஜெர்மனியின் டி.வி.ஜி.டபிள்யூ. அமைப்பு வகுத்த ஜி.டபிள்யூ. 2 என்னும் விதித்தாள், 28 மி.மீ. வரையிலான குடிநீர்ச் செப்புக் குழாய்களில் பிரேஸிங்கையே அனுமதிப்பதில்லை. அவ்வளவு சூட்டில் குழாயின் உள்சுவரில் படியும் ஆக்சைடு படலம், பிற்காலத்தில் ஊசி குத்தியது போன்ற குழி அரிப்புக்கு இடம் கொடுக்கிறது. வலிமை வேண்டும் என்று வைத்த சூடு, இணைப்பில் அல்லாமல் இணைப்புக்குப் பக்கத்தில் ஓட்டையாக வெளிப்படும்.

பிப்ரவரி 5

இனி அந்தப் பழைய 50/50 சுருள். குடிநீர்க் குழாயில் அதை வைக்கவே கூடாது. இதில் விவாதத்திற்கு இடமில்லை. அமெரிக்காவில் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்திற்கு 1986-இல் வந்த திருத்தம், குடிநீர்க் குழாய்க்கான பற்றாசிலும் ஃபிளக்ஸிலும் (செம்பின் பரப்பைத் தூய்மையாக வைத்திருக்கப் பூசும் பசை) காரீயம் 0.2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. பிரிட்டனில் 1987-இலிருந்து தடை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியம் அதை 2036-க்குள் 5 ஆக்கப் போகிறது.

"இணைப்புக்குள் மறைந்திருக்கும் துளி ஈயம் என்ன செய்துவிடும்?" என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அது முழுவதும் மறைந்திருப்பதில்லை. ஃபிட்டிங்கின், அதாவது குழாய்களைச் செருகி இணைக்கும் துண்டின், உள் விளிம்பில் ஒரு மெல்லிய வளையமாகவாவது அது தண்ணீரைத் தொடும். தாராளக் கையோடு வைத்தவர்களின் வேலையில் குழாயின் அடிப்புறத்தில் வழிந்து உறைந்த திவலைகளாகவே கிடக்கும். செம்பும் காரீயமும் ஒரே நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்போது மின்வேதி அரிப்பில் கரைவது காரீயமே. இரவு முழுவதும் அசையாமல் நின்ற நீரில் அது சேர்ந்துகொண்டே இருக்கும். காலையில் முதலில் குழாயைத் திறப்பவருக்கே பெரும்பங்கு போய்ச் சேரும்.

பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

"அப்படியானால் மூடிய சூடேற்றும் சுற்றில் 50/50 போடலாமே, அந்தத் தண்ணீரை யார் குடிக்கப் போகிறார்கள்?" என்பது அடுத்த கேள்வி. பிரிட்டன் உட்படச் சில இடங்களில் சட்டம் அதைத் தடுக்கவில்லை. நான் அதை என் பையில் வைத்துக்கொள்வதில்லை. சுருளின் மீது ஒட்டிய சீட்டுதான் முதலில் உதிர்கிறது. சீட்டு உதிர்ந்தபின் எல்லாச் சுருளும் ஒரே வெள்ளை நிறம். சூடேற்றும் சுற்றில் பாதி வேலையை முடித்துவிட்டு, அதே கையோடு சமையலறைக் குழாய்க்குப் போகும்போது எந்தச் சுருள் கையில் இருக்கிறது என்பதை மனிதர்கள் கவனிப்பதில்லை. பையில் இல்லாத சுருளைத் தவறி எடுக்க முடியாது.

பிப்ரவரி 7

வாங்கத்தக்க கலவைகளைப் பற்றி விரிவாக எழுதச் சொன்னார்கள்.

50/50 கலவை 183 டிகிரியில் உருகத் தொடங்கி, 215 டிகிரியை ஒட்டி முழுவதும் திரவமாகிறது. இடைப்பட்ட முப்பது டிகிரியில் அது கூழ் போல இருக்கும். பழைய தலைமுறைப் பிளம்பர்கள் அதை விரும்பியதற்கு இந்தக் கூழ் நிலையே காரணம்: இடைவெளி சற்றுக் கூடுதலாக இருந்தாலும் வழிந்தோடாமல் நிற்கும், துணியால் வழித்து அழகுபடுத்தலாம். காரீயமற்ற கலவைகளில் வெள்ளீயம்–ஆன்டிமனி 95/5 ஏறத்தாழ 233 முதல் 240 டிகிரிக்குள் உருகிவிடும். வெள்ளீயத்தில் 0.7 விழுக்காடு செம்பு சேர்ந்தது 227 டிகிரியில் ஒரே புள்ளியில் உருகும், 3.5 விழுக்காடு வெள்ளி சேர்ந்தது 221 டிகிரியில் அப்படியே உருகும். இவை 'நிற்பதில்லை'; உருகியதும் தண்ணீர் போல ஓடிவிடும். 50/50-இல் பழகிய கைக்கு இந்த வேகமே முதல் தொல்லை. "புதுப் பற்றாசு சரியில்லை, ஒட்டுவதில்லை" என்ற புலம்பலில் பெரும்பகுதி, இடைவெளி மிகுந்த ஃபிட்டிங்கையும் ஆடிக்கொண்டிருக்கும் குழாயையும் பற்றிய புலம்பல்தான்.

சூடேற்றும் சுற்றுக்கு உருகுநிலையை இன்னொரு வகையிலும் பார்க்க வேண்டும். கெல்வின் கணக்கில் 183 டிகிரி என்பது 456; ரேடியேட்டருக்குப் போகும் 80 டிகிரி நீர் என்பது 353. ஆக, 50/50 கலவை தன் உருகுநிலையின் 77 விழுக்காட்டில் நாள் முழுவதும் வேலை செய்கிறது. 227 டிகிரிக் கலவைக்கு அதே கணக்கு 71 விழுக்காடு. எந்த உலோகமும் தன் உருகுநிலைக்கு இவ்வளவு அருகில் தொடர்ந்து சுமை தாங்கினால் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். அமெரிக்கச் செப்பு வளர்ச்சிக் கழகத்தின் அழுத்த அட்டவணையில் இது கண்கூடாகத் தெரியும்: ஓர் அங்குலம் வரையிலான குழாய்களில் 50/50 இணைப்புக்கு 38 டிகிரியில் 200 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) கொடுத்திருப்பவர்கள், 93 டிகிரியில் அதைப் பாதியாக்கி 100 பி.எஸ்.ஐ. என்கிறார்கள், அதாவது ஏறத்தாழ 7 பார். அதே சூட்டில் 95/5-க்கு அவர்கள் தரும் எண் இதைப் போல மும்மடங்குக்கும் மேல்.

குளிர்நீரில் நன்றாக இருக்கிறது என்பதை வைத்துச் சூடேற்றும் சுற்றுக்கும் 50/50 போதும் என்று முடிவெடுப்பவர்கள் இந்த அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பிப்ரவரி 8

"பார்த்தீர்களா, வலிமைதான் முக்கியம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்" என்று கேள்வி கேட்டவர் மகிழ்ந்திருக்கிறார். மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லை என்றாலும் கணக்கு இருக்கிறது.

15 மி.மீ. குழாய், ஃபிட்டிங்குக்குள் சுமார் 11 மி.மீ. ஆழம் நுழைகிறது. பற்றாசு பிடித்திருக்கும் பரப்பு, 15-ஐ 11-ஆல் பெருக்கி அதை 3.14-ஆல் பெருக்கினால், 518 சதுர மி.மீ. உள்ளே 10 பார் அழுத்தம் இருந்தால் குழாயைப் பிடுங்கப் பார்க்கும் விசை 177 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 18 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். பரப்பால் வகுத்தால் சதுர மி.மீ.-க்கு 0.34 நியூட்டன். சாதாரணப் பற்றாசுகளின் குளிர்நிலை வெட்டு வலிமை, அதாவது வழுக்கிப் பிரியாமல் தாங்கும் வலிமை, அதே அலகில் 35 முதல் 40 வரை. நூறு மடங்கு மிச்சம்! மூடிய சூடேற்றும் சுற்றில் பாதுகாப்பு வால்வே வழக்கமாக 3 பாரில் திறந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட காலச் சூட்டில் இந்த மிச்சம் பல மடங்கு சுருங்கும் என்பது உண்மை. காரீயமற்ற கலவைக்கு அப்படிச் சுருங்கிய பிறகும் போதுமான அளவு மீதம் இருக்கும். ஆகவே வெள்ளியின் வலிமையை வாங்கி எங்கே வைப்பது?

இணைப்பு கசிவது பெரும்பாலும் பற்றாசின் வலிமை போதாமல் அன்று. இடுக்கில் அது தொடர்ச்சியாகப் பரவாமல், ஃபிளக்ஸ் மட்டும் நிறைந்த ஒரு வாய்க்கால் உள்ளிருந்து வெளிவரை நீண்டிருப்பதால்தான் கசிகிறது.

பிப்ரவரி 8, மாலை

வெப்ப விரிவைப் பற்றிக் கேட்டவருக்கு: 10 மீட்டர் நேர்க்குழாய் 60 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 10 மி.மீ. நீளும். இரு முனையும் சுவரில் இறுகியிருந்தால் அந்த 10 மி.மீ. எங்காவது போயாக வேண்டும். அதற்கு வளைவும் நகரவிடும் கிளிப்பும் வேண்டும். கம்பியில் வெள்ளி கூடியதால் குழாய் நீளாமல் இருக்கப் போவதில்லை.

பிப்ரவரி 11

மேலே சொன்ன 'ஃபிளக்ஸ் வாய்க்கால்' கற்பனையா என்று ஒருவர் ஐயப்பட்டார். கொதிகலன் அறையொன்றில் கசிந்த எல்போக்களை (குழாயைத் திருப்பும் வளைவு ஃபிட்டிங்குகளை) வெட்டி எடுத்து, நீளவாக்கில் ரம்பத்தால் பிளந்து, வாய்களை விரித்துப் பார்த்திருக்கிறேன். வெளியே எல்லாம் மோதிரம் போட்டது போல வழவழப்பான வெள்ளி நிற வளையம். உள்ளே, தீச்சுடர் பட்ட பக்கம் பற்றாசு அடிவரை இறங்கிச் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. சுவரை ஒட்டிய பின்பக்கத்திலோ செம்பு தன் பழுப்பு நிறத்திலேயே இருந்தது, அதன்மீது கருகிய பசையாக ஃபிளக்ஸ். கம்பியை முன்பக்கமே தொட்டு, முன்பக்கமே சூடாக்கி, முன்பக்கமே பார்த்துத் திருப்தி அடைந்திருக்கிறார் செய்தவர். என்ன கலவை போட்டிருந்தாலும் அந்த எல்போ கசிந்தே இருக்கும்.

முறை ஒன்றும் மறைபொருள் இல்லை, அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் பி 828 என்ற தரநிலையாகவே அச்சில் இருக்கிறது. குழாயை நேராக வெட்டி, உள்விளிம்பின் பிசிறை ரீமரால் நீக்கி, வெளிப்பரப்பையும் ஃபிட்டிங்கின் உட்பரப்பையும் பளிச்சென்று தேய்த்து, ஃபிளக்ஸை மெல்லப் பூசி, முழு ஆழம் வரை செருக வேண்டும். ஃபிட்டிங்கைச் சூடாக்க வேண்டும். கம்பியைச் சூடாக்கக் கூடாது. சுடரை விலக்கிவிட்டு, சுடர் பட்ட இடத்திற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் கம்பியைத் தொட்டால், குழாயின் சூட்டிலேயே அது உருகி உள்ளே இழுத்துக்கொள்ளப்படும். பற்றாசு சூட்டை நோக்கி ஓடும், ஈர்ப்பு விசையைப் பொருட்படுத்தாது, 0.05 முதல் 0.125 மி.மீ. வரையிலான இடுக்கில் நுண்புழை ஈர்ப்பு அவ்வளவு வலியது. மேல்நோக்கிய இணைப்பிலும் ஏறிவிடும்.

எவ்வளவு கம்பி? இதையும் கணக்கிடலாம். 518 சதுர மி.மீ. பரப்பும் 0.1 மி.மீ. இடுக்கும் என்றால் நிரப்ப வேண்டிய அளவு சுமார் 52 கன மி.மீ. அது 2 மி.மீ. கம்பியில் 16 மி.மீ. நீளம், 3 மி.மீ. கம்பியில் வெறும் 7 மி.மீ.தான். "குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளக் கம்பி" என்ற வாய்மொழி விதி எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும். ஆனால் அந்த விதி மெல்லிய கம்பிக்கே பொருந்தும். தடித்த கம்பியோடு அதே விதியைப் பின்பற்றுகிறவரின் குழாய்களுக்குள் பாதிச் சுருள் குடியிருக்கும்.

பிப்ரவரி 12

பிப்ரவரி 7-ஆம் நாள் குறிப்பில் 97/3 விடுபட்டுப் போனதை இருவர் சுட்டிக்காட்டினர். அதைத் தனியாக எழுத வேண்டும் என்றே விட்டுவைத்தேன். வெள்ளீயம் 97, செம்பு 3 என்ற இக்கலவைக்குச் சில தரவுத்தாள்கள் 230–250 டிகிரி என்கின்றன, வேறு சில 300-க்கு மேல் காட்டுகின்றன. இரண்டும் முரண் போலத் தோன்றினாலும் முரண் இல்லை. செம்பு 0.7 விழுக்காட்டைத் தாண்டியதும், கலவை கடைசித் துகள் வரை உருகும் வெப்பநிலை விரைவாக ஏறிவிடுகிறது. 3 விழுக்காட்டில் அது 300-ஐத் தாண்டும். ஆனால் 250 டிகிரியிலேயே ஏறக்குறைய எல்லாம் திரவமாகிவிட்டிருக்கும். மிதந்துகொண்டிருப்பது, செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கடினமான துகள்களாகச் சில விழுக்காடு மட்டுமே. அந்தச் சிறு அளவு திடப்பொருளே 97/3-க்குச் சற்று 'உடம்பு' தருகிறது. 50/50-இலிருந்து மாறுகிறவர்களுக்கு 0.7 கலவையைவிட 97/3 கைக்கு இணக்கமாக இருப்பதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

வெள்ளி 3 விழுக்காடு கலந்த 97/3 என்று இன்னொன்று உண்டு. ஜெர்மன் விதித்தாள் குடிநீருக்கு இவ்விரண்டையுமே ஏற்கிறது. வெள்ளி கலந்தது சற்றுக் குறைந்த சூட்டில் உருகும், இன்னும் எளிதாகப் பரவும். அதைத் தவிர வேறுபாடு பெரிதில்லை. நெருக்கடியான மூலையில், பக்கத்தில் மரச்சட்டமோ ரப்பர் வளையமுள்ள வால்வோ இருந்தால் அந்தச் சில டிகிரிக் குறைவு உதவலாம். மற்றபடி வீட்டு வேலை முழுவதற்கும் செம்பு கலந்த 97/3 ஒன்றே போதும் என்பதே என் விடை.

பிப்ரவரி 15

சீட்டு உதிர்ந்த சுருளில் காரீயம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டவருக்கு: சமையலறைத் தராசும் ஒரு குவளைத் தண்ணீரும் போதும். வெள்ளீயம் மிகுந்த கலவைகளின் அடர்த்தி 7.3-ஐ ஒட்டியது, 50/50-க்கு 8.9-ஐ ஒட்டியது. சுருளிலிருந்து 100 கிராம் கம்பியை எடுத்து நெருக்கமாகச் சுற்றுங்கள். தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, கம்பியை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு 13.7 கிராம் காட்டினால் காரீயமற்றது, 11.3 என்றால் 50/50. இடையில் 11.8 போல நின்றால் அது 60/40 வெள்ளீய–காரீயமாக இருக்கும். சுற்றுகளுக்கு நடுவே ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை மட்டும் தட்டி வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் காரீயச் சுருளும் நல்ல பிள்ளையாகிவிடும்.

பிப்ரவரி 16

மேலே சொன்னதற்கு ஒரு வரம்பு சேர்க்க வேண்டும். நடுவில் ஃபிளக்ஸ் நிரப்பிய கம்பிக்கு இந்தச் சோதனை பொருந்தாது. ஃபிளக்ஸ் இலேசானது என்பதால் அடர்த்தி குறைவாகத் தெரியும், காரீயம் ஒளிந்துகொள்ளும். அத்தகைய கம்பியைத் தாளில் அழுத்திக் கோடு இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. காரீயம் மிகுந்திருந்தால் பென்சில் போலச் சாம்பல் கோடு விழும். ஆனால் கோடு விழாததை வைத்துக் காரீயம் இல்லை என்று சொல்ல முடியாது. ரோடிசோனேட் தோய்த்த சோதனைக் குச்சியைத் தேய்த்தால் காரீயம் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். அதற்கும் மேலாக ஐயம் இருந்தால் அந்தச் சுருளைக் கைவிடுவதே மேல்.

நடுவில் ரோசின் என்னும் மரப்பிசின் நிரப்பிய மின்னணுக் கம்பியைக் குழாய்க்குப் போடலாமா என்பதற்கும் இங்கேயே விடை: கூடாது. ரோசின் மிக மென்மையானது. சுடரின் கீழ் கறுக்கும் செம்பை அதனால் தூய்மையாக வைத்திருக்க முடியாது. குழாய்க்கான ஃபிளக்ஸில் துத்தநாக குளோரைடு போன்ற கடுமையாக அரிக்கும் பொருள் இருக்கும். அந்தக் கடுமையை மின்னணுப் பலகைக்குக் கொண்டுபோனால் அங்கே வேறு கதை.

பிப்ரவரி 20

பழைய இணைப்புகளைத் திரும்பவும் சூடாக்கிப் புதுக் கம்பி வைத்துச் சரிசெய்வது பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் நீட்டி எழுதுகிறேன்.

பழைய இணைப்பில் 50/50 இருந்து, அதன்மீது வெள்ளீயம்–செம்பு வைத்தால் இரண்டும் கலந்துவிடும். கிடைப்பது காரீயமற்ற இணைப்பு அல்ல, காரீயம் குறைந்த இணைப்பு. அது உருகத் தொடங்குவது இப்போதும் 183 டிகிரியை ஒட்டித்தான். குடிநீரில் அதனால் பயனே இல்லை. ஃபிட்டிங்கை வெட்டி எறிந்துவிட்டு, குழாய் முனையிலிருக்கும் பழைய பற்றாசைச் சூட்டோடு துடைத்துத் தேய்த்துச் செம்பு தெரிய வைப்பதைவிட, அந்த முனையையும் சேர்த்து வெட்டிப் புதுத் துண்டு சேர்ப்பதே எளிது.

இதைவிடப் பெரிய ஆபத்து பிஸ்மத் கலந்த கம்பிகளில் இருக்கிறது. குறைந்த சூட்டில் உருகுவதற்காகச் சில காரீயமற்ற கலவைகளில் பிஸ்மத் சேர்க்கிறார்கள். வெள்ளீயமும் பிஸ்மத்தும் மட்டும் சேர்ந்தால் மிகக் குறைந்த உருகுநிலை 139 டிகிரி. புதுக் குழாயில், குளிர்நீரில், அதனால் தொல்லையில்லை. ஆனால் பழைய காரீய இணைப்பின் மீது அதை வைத்தால் வெள்ளீயம், காரீயம், பிஸ்மத் மூன்றும் கூடுகின்றன. அந்த மூன்றின் கூட்டுக்கு 96 டிகிரியிலேயே உருகும் பகுதி ஒன்று உண்டு! கொதிகலனிலிருந்து வெளிவரும் குழாயில் அத்தகைய இணைப்பு இருந்தால், வெப்பநிலைக் கட்டுப்பாடு கெட்ட ஒரு நாளில் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கம்பியின் தரவுத்தாளில் பிஸ்மத் என்ற பெயர் இருந்தால் சூடேற்றும் சுற்றுக்கு அதை எடுக்காதீர்கள்.

பிப்ரவரி 21

"எவ்வளவு சூடாக்கினாலும் கம்பி உருகவில்லை, கலவை கெட்டுவிட்டதா?" என்று ஒருவர். குழாயில் தண்ணீர் இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் அது ஆவியாகித் தீரும்வரை குழாய் 100 டிகிரியைத் தாண்ட விடாது. கலவைக்கு 227 வேண்டும். ஆவி வெளியேறவும் வழி வேண்டும், இல்லாவிட்டால் உருகிய பற்றாசைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். தாழ்ந்த இடத்தில் வடித்து, இரு பக்கமும் வால்வைத் திறந்து வையுங்கள். வால்வு முழுதும் மூடாமல் சொட்டிக்கொண்டே இருந்தால், அந்த ஓர் இணைப்புக்கு மட்டும் இறுக்கிப் பொருத்தும் கம்ப்ரெஷன் ஃபிட்டிங் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்; பற்றாசுதான் வேண்டும் என்று வேண்டுதல் ஏதும் இல்லை.

மார்ச் 2

பிரேஸிங்கை நான் பகைப்பதாகச் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குரிய இடங்கள் இருக்கின்றன. 110 டிகிரியைத் தாண்டக்கூடிய சூடேற்றும் குழாய்களுக்கு ஜெர்மன் விதி பிரேஸிங்கைக் கட்டாயமாக்குகிறது. எரிவாயுக் குழாய்களுக்கும் அப்படியே. சூரிய வெப்பத் தகடுகளுக்கு அருகிலுள்ள குழாய்களில் இது இன்னும் முக்கியம்: நீரோட்டம் நின்றுபோன வெயில் நாளில் தட்டைத் தகட்டின் உட்பகுதி 200 டிகிரியை நெருங்கும், வெற்றிடக் குழாய் வகையில் அதையும் தாண்டும். 221 டிகிரியில் உருகும் கலவையை அங்கே வைப்பது சூதாட்டம்.

அத்தகைய இடத்திலும் வெள்ளி மிகுந்த கம்பிதான் வேண்டும் என்பதில்லை. செம்போடு செம்பைச் சேர்க்க, செம்பு–பாஸ்பரஸ் கம்பி போதும். பாஸ்பரஸே ஆக்சைடை நீக்கிவிடுவதால் தனியாக ஃபிளக்ஸ் வேண்டாம். பித்தளை ஃபிட்டிங் என்றால் ஃபிளக்ஸ் வேண்டும். இரும்பிலும் எஃகிலும் பாஸ்பரஸ் கம்பியை வைக்கக் கூடாது. நொறுங்கும் பாஸ்பைடு படலம் உருவாகி, தட்டினால் உதிரும். அங்கேதான் 45 விழுக்காடு, 55 விழுக்காடு வெள்ளிக் கம்பிகளும் அவற்றுக்குரிய ஃபிளக்ஸும் தேவைப்படுகின்றன. பழைய வெள்ளிக் கம்பி கிடைத்தால் காட்மியம் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும், ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலேயே அத்தகைய கம்பிகளைத் தடைசெய்துவிட்டது.

மார்ச் 3

ஆன்டிமனி 95/5 பற்றி: வலிமையிலும் சூடு தாங்குவதிலும் குறையில்லை, சூடேற்றும் சுற்றுக்கு நல்லதே. துத்தநாகம் பூசிய பரப்பில் மட்டும் வேண்டாம். ஆன்டிமனியும் துத்தநாகமும் சேர்ந்தால் இணைப்பு நொறுங்கும் தன்மை பெறும். குடிநீருக்கு அமெரிக்காவில் அதை ஏற்கிறார்கள், ஜெர்மன் விதித்தாளின் பட்டியலில் அது இல்லை. நீரில் ஆன்டிமனிக்கும் வரம்பு உண்டு: அமெரிக்காவில் லிட்டருக்கு 6 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 20. ஒரே சுருளில் இரண்டு வேலையையும் முடிக்க நினைப்பவர் செம்பு கலந்ததையே எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வியே எழாது.

மார்ச் 9

இரண்டு சிறு கேள்விகள் மிச்சம் இருந்தன. உள்ளேயே பற்றாசு வளையம் பொதிந்து வரும் ஃபிட்டிங்குகளில் கம்பி சேர்க்க வேண்டியதில்லை. விளிம்பு முழுவதும் வெள்ளி நிறக் கோடு தெரிந்ததும் சுடரை எடுத்துவிடலாம். கிடங்கில் கிடந்த பழைய சரக்கு என்றால் அந்த வளையத்தில் காரீயம் இருக்கலாம், குடிநீருக்கு எடுக்காதீர்கள்.

வேலை முடிந்தபின் ஃபிளக்ஸை என்ன செய்வது என்பது மற்றொன்று. இணைப்பு உறைந்ததும், இன்னும் சூடாக இருக்கும்போதே ஈரத்துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் சில வாரங்களில் பச்சை பூக்கும். உள்ளே வழிந்த ஃபிளக்ஸ் இன்னும் தொல்லையானது, ஏனெனில் அதன் அடியில்தான் செம்பு குழி விழத் தொடங்கும். நீரில் கரையும் வகையை, அதாவது ஏ.எஸ்.டி.எம். பி 813-க்கு உட்பட்டதை, வாங்கியிருந்தால் நன்றாகத் தண்ணீர் ஓடவிட்டாலே போய்விடும். மெழுகு போன்ற வகை குளிர்நீருக்கு அசைந்துகொடுக்காது. வெந்நீரை ஓடவிட வேண்டும். சூடேற்றும் சுற்றில் முதல் சூட்டுக்குப் பிறகு அந்த நீரை முழுவதும் வடித்துவிட்டு, புதுநீரும் அரிப்புத் தடுப்பானும் நிரப்புங்கள்.